மறுபக்கம்

நார்வேயில் பணியாற்றியபோது பங்கிலிருந்த மூதாட்டி ஒருவர் எமக்கு ‘ஸ்மொய்க்’ என்னும் பூத்தையலைக் கற்பித்தார். துணியின் பின்புறத்தில் இழைகளை எண்ணி, ஊசியை வரிவரியாக நெடுகச் செலுத்த வேண்டும். கோலம் முன்புறத்தில் விழும். தைப்பவர் காண்பது அதன் எதிர்வடிவத்தையே. அந்நாட்டார் சட்டையின் கழுத்துப்பட்டைக்கும் கைப்பட்டைக்கும் இவ்வாறு அழகூட்டுவர். யாம் தொடங்கியது பீட விரிப்புக்கு ஒரு கரை.

ஊர் திரும்பிய பின் அது பதினோர் ஆண்டுகள் பெட்டியிலேயே கிடந்தது. சென்ற மாதம் அவர் இறைவனடி சேர்ந்த செய்தி வந்தது. திருப்பலி ஒப்புக்கொடுத்துவிட்டு அதை எடுத்து விரித்தோம். நான்காம் வரியில் ஓரிழை பிசகியிருந்தது. தொடர்ந்த இருபது வரிகளும் விலகியே சென்றிருந்தன. அவர் கண்டிருப்பார், எம்மிடம் சொல்லவில்லை. ஏனென்று இனி யாரைக் கேட்பது?

இரு மாலைகள் தயங்கினோம். பிறகு பிரித்தோம். இப்போது ஆறாம் வரி.