லீடரும் தெலெகேயும்

பாரிஸுக்கு வடக்கே ஒரு புறநகர். அக்டோபர் மாதத்துச் சாயங்காலம். பள்ளியிலிருந்து வந்த பதினைந்து வயது மகள் பையை இறக்கிவைத்ததும் சொன்னாள்: "அம்மா, நான் வகுப்புக்குத் தெலெகே ஆயிட்டேன்."

"நீ ஃபர்ஸ்ட் ரேங்க் இல்லையே, உன்னை எப்படிம்மா லீடராப் போட்டாங்க?"

"யாரும் போடலைம்மா. ஓட்டுப் போட்டாங்க."

அம்மா புதுச்சேரியை அடுத்த மரக்காணத்துக்காரர். 1962 ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, அங்கே சில குடும்பங்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டன. அப்படியொரு 'சொல்தா' (பிரெஞ்சுப் படைவீரர்) வீட்டுக்கு மருமகளாகப் போய், அங்கிருந்து பிரான்சுக்கு வந்தவர். அவருடைய தாய் உப்பளத்தில் கூலிக்குப் போனவர். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி 3,000 ஏக்கருக்கு மேல் விரிந்து கிடக்கிற அளங்களில், வெயில் ஏறுமுன் வேலையை முடிக்க விடியற்காலையிலேயே பாத்தியில் இறங்கிவிடுவார்கள். ஆண்கள் பலகையால் உப்பை வாரி ஒதுக்குவார்கள். பெண்கள் கூடையில் சுமந்துபோய் அம்பாரமாகக் கொட்டுவார்கள்.

எட்டாம் வகுப்பில் அம்மாவும் லீடர்தான். முதல் மதிப்பெண் வாங்கியதால் ஆசிரியர் போட்டது. ஆசிரியர் இல்லாதபோது பேசுகிறவர்கள், தாமதமாக வருகிறவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுத வேண்டும். அதிகம் எழுதியது ஒரே பெயரைத்தான். அந்தப் பெண் தன் அம்மாவோடு உப்பளத்துக்குப் போய்விட்டு, கால் வெடிப்பில் உப்பு எரிய எரிய வகுப்புக்கு ஓடி வருவாள். லீடருக்கு அது தெரியும். இருவரின் தாய்மாரும் ஒரே அளத்தில் வேலை பார்த்தவர்கள். ஆனாலும் காரணத்தைச் சொல்ல லீடருக்கு இடமில்லை, பெயரை எழுத மட்டுமே இடமிருந்தது.

பிரெஞ்சுப் பள்ளியில் ஏற்பாடு வேறு. கல்வியாண்டின் ஏழாவது வாரம் முடிவதற்குள் ஒவ்வொரு வகுப்பும் ரகசிய வாக்கெடுப்பில் 'தெலெகே' எனப்படும் இரண்டு பிரதிநிதிகளையும் இரண்டு மாற்றுப் பிரதிநிதிகளையும் தேர்ந்தெடுக்க வேண்டும். யாரும் நிற்கலாம், மதிப்பெண் தடையில்லை. 2020 முதல் சுற்றுச்சூழலுக்கென்றும் வகுப்புக்கு ஒரு பிரதிநிதி கட்டாயம். மேல்நிலைப் பள்ளியான 'லிசே'யில் இதற்கும் மேலாக ஒரு மன்றம் உண்டு. மாணவர்கள் எல்லாரும் வாக்களித்து அதற்குப் பத்துப் பேரை அனுப்புகிறார்கள்.

தெலெகேயின் முக்கிய வேலை, பருவத்துக்கு ஒருமுறை கூடும் வகுப்புக் குழுவில் உட்காருவது. தலைமை ஆசிரியர், பாட ஆசிரியர்கள், பெற்றோர் பிரதிநிதிகள் இருக்கும் அதே மேசையில் மாணவப் பிரதிநிதிகள் இருவருக்கும் நாற்காலி உண்டு. ஒவ்வொரு பிள்ளையின் பெயராக எடுத்துப் பேசுவார்கள். பல பள்ளிகளில் மதிப்பெண் அறிக்கையில் மூன்று வகைச் சிறப்புகள் எழுதப்படும். உச்சியில் நிற்பவருக்கு 'ஃபெலிசித்தாசியோன்', அடுத்த நிலைக்கு 'கோம்ப்ளிமான்'. மதிப்பெண் குறைந்தாலும் உழைக்கிற பிள்ளைக்கு 'ஆன்கூராஜ்மான்', அதாவது ஊக்கம்.

டிசம்பரில் நடந்த முதல் கூட்டத்துக்கு முன் மகள் ஒரு வாரம் வகுப்புத் தோழர்களைத் தனித்தனியே பார்த்து, தங்களைப் பற்றி என்ன சொல்லலாம், என்ன சொல்லக் கூடாது என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள். திடீரென்று மதிப்பெண் சரிந்த ஒருவனுக்காகக் குழுவில் பேசினாள். அவன் அறிக்கையில் 'ஆன்கூராஜ்மான்' வந்தது.

"யாரு அந்தப் பையன்?"

"பேரைச் சொல்லக் கூடாதும்மா."

அன்றிரவு அம்மாவுக்குக் கரும்பலகையும் அந்தப் பெண்ணின் பெயரும் நினைவுக்கு வந்தன. நெடுநேரம் தூக்கம் பிடிக்கவில்லை.

2025 ஜூலை விடுமுறையில் மரக்காணம் வந்தார்கள். தமிழக அரசுப் பள்ளிகளில் 2024 நவம்பரில் 'மகிழ் முற்றம்' தொடங்கி, பிள்ளைகளைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழுக்களாகப் பிரித்துத் தலைவர்களையும் வைத்திருக்கிறார்கள். அம்மாவின் அண்ணன் மகன் நெய்தல் குழுத் தலைவன். உப்பு விளையும் ஊரில் நெய்தல் என்ற பெயரைக் கேட்டதும் அத்தைக்கு மனசு நிறைந்தது.

சாயங்காலம் பிள்ளைகள் இருவரும் அளத்து வரப்பில் உட்கார்ந்திருந்தார்கள்.

"உங்க குழுவுல தினம் லேட்டா வர்றது யாரு?" என்று மகள் கேட்டாள்.

"ஒருத்தன் இருக்கான். காலையில அவங்க அம்மாவோட உப்பளத்துக்குப் போயிட்டு வருவான்."

"டீச்சருக்குத் தெரியுமா?"

பையன் பாத்தியில் ஒதுக்கி வைத்திருந்த உப்பைப் பார்த்தான். "நான் சொல்லலாமா?" என்றான்.