பெரிய வாகனமும் பெரிய அமானிதமும்

 

கடல் கடந்து சென்று உழைக்கும் நம்மவர்களின் வியர்வை ஒரு காலத்தில் ஊரில் மாடி வீடாக எழுந்தது. இன்று அந்த வீட்டு வாசலில் பெரிய வாகனமாகவும் வந்து நிற்கிறது. "என்ன விலை? எத்தனை பேர் அமரலாம்? லிட்டருக்கு எவ்வளவு ஓடும்?" என்று கேட்போர் பலர். வாங்கிய பின் அதை யாருக்காக, எப்படி ஓட்டுவது என்று கேட்போர் மிகச் சிலரே. மூன்று ஆண்டுகளுக்கு மேலாக இந்தக் கேள்வியோடு வாழ்ந்து வருபவன் என்ற முறையில், என் அனுபவத்தை உங்கள் முன் வைக்கிறேன்.

நான் விழுப்புரத்தில் மதரஸாவில் ஓதிக் கொடுப்பவன். என் ஊதியத்தில் இத்தகைய வாகனத்திற்கு நான்கு டயர்கள் வாங்குவதே சிரமம் என்பதை நீங்களே அறிவீர்கள். நாங்கள் சகோதரர்கள் நால்வர். இருவர் சவூதியில், ஒருவர் சென்னையில் வியாபாரம் செய்கிறார். 2022இல் நால்வரும் சேர்ந்து, 2018ஆம் ஆண்டில் தயாரான ஃபோர்டு எண்டவர் ஒன்றைப் பழைய வாகனமாக வாங்கினோம். அதில் என் பங்கு மிகச் சிறியது. எனினும் பெற்றோருடன் ஊரில் இருப்பவன் நான் என்பதால் சாவி என்னிடம் வந்து சேர்ந்தது.

இந்த வாகனம் நம் சாலையிலேயே பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது. சென்னையிலிருந்து திண்டிவனம், விழுப்புரம் வழியாகத் தெற்கே செல்லும் ஜி.எஸ்.டி. சாலையில்தான் மறைமலை நகர் இருக்கிறது. அங்குள்ள ஃபோர்டு ஆலையில்தான் எண்டவர் உருவாக்கப்பட்டது. அதே சாலையில் சிங்கப்பெருமாள் கோயில் அருகே 2007இல் பி.எம்.டபிள்யூ. நிறுவனமும் தன் ஆலையைத் திறந்தது. எங்கள் வாகனத்தின் தலைமுறை 2016 ஜனவரியில் சந்தைக்கு வந்தது. 2021 செப்டம்பரில், இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. பராமரிப்பும் உதிரி பாகங்களும் தொடரும் என்று நிறுவனம் கூறிய போதிலும், வாங்க அஞ்சியவர்கள் பலர். அந்த அச்சத்தினால் விலை சற்றே இறங்கியதும் எங்களுக்குக் கைகூடியது.

இனி வாகனத்தின் குணங்களைச் சொல்கிறேன். ஐந்து சிலிண்டர்கள் கொண்ட 3.2 லிட்டர் டீசல் என்ஜின். இருநூறு குதிரைத் திறன். ஏறக்குறைய இரண்டே கால் டன்னுக்கு மேற்பட்ட எடை. நெடுஞ்சாலையில் ஏழு பேரை ஏற்றிக் கொண்டு செல்லும்போதும் அது மூச்சு வாங்குவதில்லை. விழுப்புரத்திலிருந்து சென்னை வரை சென்று இறங்கினாலும் முதுகு வலிப்பதில்லை. உயரத்தில் அமர்ந்திருப்பதால் முன்னே நெடுந்தூரம் தெரிகிறது.

ஆனால் அந்த உயரமே வீட்டுப் பெரியவர்களுக்குச் சோதனையாகவும் இருக்கிறது. என் தாயாரால் படியில் கால் வைத்து ஏற இயலவில்லை. ஆகவே ஒரு பிளாஸ்டிக் முக்காலி எப்போதும் பின்புறத்தில் இருக்கும். லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய வாகனத்தில் எங்கள் வீட்டாருக்கு மிகவும் பயன்பட்ட பொருள், கடைத் தெருவில் வாங்கிய அந்த முக்காலியே! மூன்றாவது வரிசையில் பிள்ளைகள் அமரலாம். முழங்கால் வலியுள்ளவர்கள் அமர முடியாது. நெடுஞ்சாலையில் லிட்டருக்குப் பத்து கிலோ மீட்டரைத் தாண்டினால் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக் கொள்வோம். ஊருக்குள் அதுவும் இல்லை. ஏறத்தாழ ஐந்து மீட்டர் நீளமுள்ள இதைப் பள்ளிவாசல் தெருவில் நிறுத்தினால் பிறகு சைக்கிள் கூட நுழையாது. எனவே ஜும்ஆவுக்கு நான் நடந்தே செல்கிறேன்.

பயணத்திற்கு இது அருமையான தோழன். திண்டிவனத்திலிருந்து மேற்கே திருவண்ணாமலைச் சாலையில் சென்றால் செஞ்சிக் கோட்டை. மராட்டியர் காலக் கோட்டைகளின் வரிசையில் 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாக அது ஏற்கப்பட்டது. கோட்டைக்குள்ளே இருக்கும் சாதத்துல்லா கான் பள்ளிவாசலைப் பிள்ளைகளுக்குக் காட்ட இருமுறை சென்று வந்தோம். கலைக் கல்லூரியில் படித்தபோது ஏட்டில் கண்டவற்றை என் மக்கள் கண்ணால் கண்டதில் எனக்குப் பெரும் மகிழ்ச்சி.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இத்தகைய வாகனத்தில் அமர்ந்தவுடன் மனத்தில் ஒரு மாற்றம் நிகழ்கிறது. முன்னால் செல்லும் சிறிய கார்கள் கண்ணாடியில் நம்மைக் கண்டதும் ஒதுங்கி வழிவிடுகின்றன. இரு சக்கர வாகனத்தில் மனைவி மக்களோடு செல்பவர் மண்ணில் இறங்கிக் கொள்கிறார். நாம் கேட்காமலே கிடைக்கும் இந்த மரியாதை நமக்குரியதன்று. இரும்புக்குப் பயந்து கொடுக்கப்படுவது. அதை நமக்குரியதென்று எண்ணத் தொடங்கினால், வாகனம் நம்மை ஓட்டத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

வாகனத்தின் உண்மையான வலிமை அதன் வேகத்தில் இல்லை. இழுக்கும் ஆற்றலில் இருக்கிறது. வெளிநாடுகளில் எவரெஸ்ட் என்ற பெயரில் விற்பனையான இதே வாகனம், பிரேக் பொருத்திய மூன்று டன் எடையுள்ள டிரெய்லரை இழுக்கலாம் என்று நிறுவனமே கூறியுள்ளது. சவூதியில் விடுமுறை நாட்களில் கூடாரங்களையும் தண்ணீர்த் தொட்டிகளையும் டிரெய்லரில் கட்டிக் கொண்டு பாலைவனத்திற்குச் செல்லும் குடும்பங்களைப் பற்றி என் தம்பி எழுதுவதுண்டு. நம் பகுதியில் அந்த வழக்கமில்லை. இங்கே இழுவை என்றால் முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிச் செல்லும் டிராக்டர்கள்தாம். எங்கள் வாகனத்தின் இழுக்கும் ஆற்றலை நாங்கள் அறிந்தது ஒரு பேரிடரின்போதுதான்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் இருபத்து நான்கு மணி நேரத்தில் 51 சென்டி மீட்டர் மழை கொட்டித் தீர்த்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, திண்டிவனத்தில் தாழ்வான தெருவில் குடியிருக்கும் என் அக்காள் வீட்டுக்குள் நீர் புகுந்துவிட்டதென்று செய்தி வந்தது. மகனை அழைத்துக் கொண்டு சென்று, அக்காள், மச்சான், இரு பிள்ளைகள், மச்சானின் தாயார் ஆகியோரை ஏற்றிக் கொண்டு விழுப்புரம் திரும்பினேன்.

கூட்டேரிப்பட்டைக் கடந்ததும் சாலையோரத்தில் ஒரு பழைய வேன் நின்று கொண்டிருந்தது. அருகில் நனைந்தபடி நின்றவர் எங்களுக்குப் பழக்கமான பண்டாரி பாய். விக்கிரவாண்டிக்கு அப்பால் ஒரு கிராமத்தில் பள்ளிக்கூடக் கட்டடத்தில் தங்கியிருந்த மக்களுக்காக ஐந்து தேக்சாக்களில் சோறும் சாம்பாரும் ஆக்கிக் கொண்டு வந்தவர். வழியில் தேங்கிய நீரில் இறங்கியதால் என்ஜின் நின்றுவிட்டது. காலையிலிருந்து அந்த மக்கள் எதுவும் உண்ணவில்லை.

"ஹஜ்ரத், சோறு கெட்டுப் போனால் என்ன பதில் சொல்வேன்?" என்றார்.

எங்கள் வாகனத்தில் ஏழு பேர் இருந்தோம். ஒரு தேக்சா வைக்கவும் இடமில்லை. பின்புறத்தில் பட்டையான நைலான் இழுவைக் கயிறு இருந்தது. அதை எடுத்துக் கட்டினோம். வேன் ஓட்டுநர் ஸ்டியரிங்கில் அமர்ந்தார். மணிக்கு இருபது கிலோ மீட்டர் வேகத்தில் புறப்பட்டோம்.

பின்னால் ஒரு வேன் கட்டப்பட்டிருப்பதை எங்கள் என்ஜின் உணர்ந்ததாகவே தெரியவில்லை. ஆனால் சாலை உணர்த்தியது. பேருந்துகள் ஒலியெழுப்பிக் கடந்து சென்றன. என் மகன் பொறுமையிழந்தான்.

"அத்தா, கொஞ்சம் வேகமாகப் போனால் என்ன? நம் வண்டிக்கு இது ஒரு பாரமா?"

"நம் வண்டிக்குப் பாரமில்லை தம்பி. அந்த வேனில் என்ஜின் ஓடவில்லை. என்ஜின் ஓடாவிட்டால் பிரேக்கை மிதித்தால் கல்லைப் போல இருக்கும். நாம் திடீரென்று நின்றால் அவரால் நிற்க முடியாது. அவரால் நிறுத்த முடிகிற வேகம்தான் நமக்கும் வேகம்" என்றேன். அதன் பிறகு அவன் முன்னால் பார்க்கவில்லை. பக்கக் கண்ணாடியில் அந்த ஓட்டுநரின் முகத்தையே பார்த்துக் கொண்டு வந்தான்.

விக்கிரவாண்டியில் ஒரு மெக்கானிக் கடையில் வேனை விட்டோம். அக்காள் வீட்டாரை அருகிலிருந்த பள்ளிவாசலில் இறக்கிவிட்டு, இருக்கைகளை மடித்துப் பாய் விரித்து, மூன்று தேக்சாக்களை ஏற்றிக் கொண்டு கிராமத்துச் சாலையில் திரும்பினோம். சிறிது தூரத்தில் ஒரு தரைப்பாலம். அதன் மேல் நீர் சுழித்துக் கொண்டு ஓடியது. அக்கரையில் குடை பிடித்தபடி பெண்களும், தட்டேந்திய பிள்ளைகளும் நின்றிருந்தனர்.

"இந்த வண்டி போகாதா ஹஜ்ரத்?" என்று பண்டாரி பாய் கேட்டார். அவர் குரலில் இருந்த ஏக்கம் இன்றும் என் செவியில் இருக்கிறது.

800 மில்லி மீட்டர் ஆழமுள்ள நீரைக் கடக்கலாம் என்று இந்த வாகனத்திற்கு நிறுவனம் அளவு கூறியிருப்பது உண்மை. ஆனால் அந்த அளவு ஓடும் வெள்ளத்தை எண்ணிச் சொன்னதன்று. வேகமாக ஓடும் நீர் இரண்டு அடி உயரமிருந்தால் பெரிய வாகனங்களையும் அடித்துச் செல்ல வல்லது. வாகனத்தின் உள்ளே காற்று அடைபட்டிருப்பதால் அதன் எடை அதைக் காப்பதில்லை. படகைப் போல மிதக்கத் தொடங்கிவிடும். மேலும், நீருக்கடியில் பாலம் உடையாமல் இருக்கிறதா என்பதை யாரறிவார்? "பசியோடு அவர்கள் ஒரு நேரம் பொறுக்கலாம், நம் மய்யித்தை அவர்கள் தேடும்படி ஆகக் கூடாது" என்று கூறிவிட்டுக் காத்திருந்தேன். அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக் கொண்டே காத்திருப்பது எளிதாக இருக்கவில்லை.

அஸ்ருக்குப் பிறகு நீர் முழங்காலுக்குக் கீழே இறங்கியது. அக்கரையிலிருந்து ஒரு கிழட்டு டிராக்டர் மெல்ல வந்தது. முன்னே இரு இளைஞர்கள் கம்பால் தரையைத் தட்டிக் கொண்டு நடந்து வந்தனர். தரைப்பாலத்தின் ஒவ்வொரு கல்லையும் அறிந்தவர்கள் அவர்கள். கரும்புச் சுமை இழுக்கும் அந்த டிரெய்லரில் தேக்சாக்கள் ஏறின. மீதி இரண்டையும் விக்கிரவாண்டியிலிருந்து கொண்டு வந்து சேர்த்தோம். எங்கள் வாகனத்தின் விலையில் பத்தில் ஒரு பங்கும் பெறாத டிராக்டர், எங்களால் முடியாததைச் செய்தது.

மறுநாள் நிலைமை இன்னும் மோசமாயிற்று. சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேற்பட்ட நீர் திறக்கப்பட்டுத் தென்பெண்ணை பெருக்கெடுத்தது. அரசூர் அருகே நெடுஞ்சாலையில் வெள்ளம் புகுந்து போக்குவரத்து நின்றது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்திற்கும் இடையே ரயில் பாலத்தை நீர் தொட்டதால் ரயில்களும் நின்றன. வெள்ளத்தின் முன் எந்த வாகனமும் பெரிய வாகனமன்று.

வாகனம் வைத்திருக்கும் சகோதரர்கள் சில செய்திகளை நினைவில் இருத்த வேண்டும். பழுதான வாகனத்தைக் கட்டி இழுப்பது அருகிலுள்ள பணிமனை வரை மட்டுமே. இரண்டு வாகனங்களுக்கும் இடையே ஐந்து மீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. வேகம் மணிக்கு 25 கிலோ மீட்டரைத் தாண்டக் கூடாது. பின்னால் வரும் வாகனத்தில் உரிமம் பெற்றவர் ஸ்டியரிங்கில் இருக்க வேண்டும். இழுக்கப்படுகிறது என்பதைக் காட்டும் அறிவிப்பு அதன் பின்புறம் தெரிய வேண்டும். கயிற்றை பம்பரில் கட்டாதீர்கள். அதற்கென்று உள்ள இரும்பு வளையத்தில் கட்டுங்கள். பின் வாகனத்தின் சாவி திறந்த நிலையில் இருக்கட்டும். இல்லையேல் ஸ்டியரிங் பூட்டிக் கொள்ளும். கயிறு இறுகியிருக்கையில் அதன் அருகே எவரும் நிற்க வேண்டாம். அறுந்தால் சாட்டையாகப் பாயும். ஆட்டோமேட்டிக் கியர் வாகனங்களைச் சக்கரம் உருள இழுத்தால் கியர்பெட்டி கெடக்கூடும். நீரில் நின்றுபோன என்ஜினை மீண்டும் முடுக்காதீர்கள். தேசிய நெடுஞ்சாலையில் 1033 என்ற எண்ணுக்கு அழைத்தால் மீட்பு வாகனம் வரும்.

பயணக் கூட்டத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பின்னால் தங்கி, தளர்ந்தவர்களை அழைத்து வருவார்கள் என்றும், உபரியாக வாகனம் வைத்திருப்பவர் இல்லாதவருக்கு உதவ வேண்டுமென அறிவுறுத்தினார்கள் என்றும் நம் மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறோம். வாசலில் நிற்கும் வாகனத்திற்கும் அந்தப் பாடம் பொருந்தும். அண்டை வீட்டில் நோயாளி இருந்தால், தெருவில் பிரசவ வலி கண்ட சகோதரி இருந்தால், அவர் எந்தச் சமயத்தவராயினும், சாவியைக் கேட்க அவர்கள் தயங்காதபடி நாம் நடந்து கொள்ள வேண்டும். உங்கள் வீட்டிலும் இத்தகைய வாகனம் இருந்தால், ஒரு நல்ல இழுவைக் கயிற்றையும் ஒரு முக்காலியையும் இன்றே வாங்கி அதில் வையுங்கள்.

அல்லாஹ் நம் பயணங்களை நலமாக்கி வைப்பானாக! வஸ்ஸலாம்.