முத்தோரைச் சரிவில்

ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் உள்ள ரேடியோ தொலைநோக்கியைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் வட்டமான டிஷ்ஷைத்தான் தேடுவார்கள். இங்கே இருப்பது மலைச்சரிவில் படுத்திருக்கும் நீண்ட தொட்டி. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். 24 பரவளையச் சட்டங்களின் மேல் 1100 மெல்லிய எஃகுக் கம்பிகளை இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். நாங்கள் பிடிக்கும் அலையின் நீளம் சுமார் 92 சென்டிமீட்டர் என்பதால், இடைவெளி விட்ட கம்பிகளே அதற்கு முழுக் கண்ணாடி.

சரிவைத் தேர்ந்த விதத்தை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்புதான். வடக்கு நோக்கி சுமார் 11 டிகிரி ஏறும் மலை. அந்த ஊரின் அட்சரேகையும் அதுவே. அதனால் கருவியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. ரேடியோ வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப்பின் யோசனை அது. ஒரே அச்சில் திருப்பிக்கொண்டே வானில் உள்ள ஒரு ரேடியோ மூலத்தை ஒன்பதரை மணி நேரம் வரை தொடரலாம். வடக்கு, தெற்காகப் பார்வையை மாற்ற இரும்பு அசையாது. குவியக்கோட்டில் உள்ள 1056 டைபோல்களின் ஃபேஸை மாற்றினால் போதும்.

நிலா ஒரு மூலத்தை மறைக்கும் கணத்தைப் பதிந்து அதன் இடத்தையும் அளவையும் கணிக்கக் கட்டிய கருவி இது. 1970இல் வேலையைத் தொடங்கியது. என் வேலை சூரியக் காற்று. தொலைதூரத்துச் சிறிய மூலங்களின் அலை அந்தக் காற்றைக் கடக்கும்போது சிமிட்டும். அந்தச் சிமிட்டலில் காற்றின் வேகம் தெரியும்.

மூலத்தைப் பார்ப்பது சுலபம். மூலத்தை விட்டு விலகி வெற்று வானத்தைப் பார்ப்பதில்தான் கைத்திறன் இருக்கிறது. ஆஃப் சோர்ஸ் என்போம். புதிதாக வரும் மாணவர்கள் நேரம் மிச்சம் பிடிக்க அதைத்தான் முதலில் குறைப்பார்கள், நான் விடுவதில்லை. ஆஃப் சோர்ஸில் கிடைக்கும் ஸ்பெக்ட்ரம் தட்டையாக இருக்க வேண்டும். மெதுவான அலைவு ஏறியிருந்தால் அயனிமண்டலத்தைச் சந்தேகிப்பேன். ஒரே அதிர்வெண்ணில் முள் போல நின்றால் பெரும்பாலும் மனிதர் செய்த இரைச்சல். இவற்றைக் கழித்துவிட்டு மிஞ்சுவதைத்தான் சிமிட்டல் என்று சொல்ல எனக்குத் துணிவு வரும்.

பூமியின் ஓட்டத்தில் ஒரு மூலம் நாளுக்கு நாள் சூரியனை நெருங்குவதுபோல் தெரியும், சிமிட்டலும் ஏறும். பார்வைக்கோடு சூரியனின் ஆரத்தைப் போல் சுமார் 40 மடங்கு தூரத்தில் கடக்கும்போது எங்கள் அதிர்வெண்ணில் அது உச்சம் தொட்டு, பிறகு இறங்கும். அந்த நாட்களில் சூரியனின் இரைச்சலே பக்கவாட்டில் நுழையும் என்பதால், ஆஃப் சோர்ஸை மூலத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு தடவை எடுக்கச் சொல்வேன்.