அமெரிக்காவின் கதையை நம் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?



திருவாண்டார்கோயிலில், புதுச்சேரி – விழுப்புரம் நெடுஞ்சாலையை ஒட்டிய எங்கள் பகுதியில் நான் நடத்தும் மக்தபில், நான்காம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பதினான்கு பேர் ஓதுகிறார்கள். வார நாள்களில் குர்ஆன், துஆக்கள், தொழுகைச் சட்டங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓதல் முடிந்தபின் முக்கால் மணி நேரம் வரலாறு. நபிமார்களின் வரலாற்றிலும் கலீஃபாக்களின் வரலாற்றிலும் தொடங்கிய அந்த வகுப்பு, சென்ற ரமளானுக்குப் பிறகு அமெரிக்காவை வந்தடைந்தது. பிள்ளைகள் கேட்டதே அதற்குக் காரணம்.

ஒரு மாணவனின் மாமா அமெரிக்காவில் வேலை செய்கிறார். அவனுக்கு அது கனவு தேசம். இன்னொருவன் அத்தாவின் கைப்பேசியில் பார்த்த காணொளிகளின் வழியே மட்டும் அந்நாட்டை அறிந்தவன். அவனுக்கு அது பகை தேசம். இருவரும் வாதிட்டு முடியாமல், “ஹஜ்ரத், அமெரிக்கா நல்ல நாடா, கெட்ட நாடா?” என்று என்னிடம் வந்தார்கள். ஒரு நாட்டிற்கு அப்படி ஒரே சொல்லில் மதிப்பெண் போட இயலாது என்றும், அது எவ்வாறு உண்டானது என்பதை முதலில் அறிவோம் என்றும் சொன்னேன். அவ்வாறு தொடங்கிய பாடம் ஒன்பது வாரங்கள் நீடித்தது.

பத்து வயதுப் பிள்ளைக்குத் தொலைதூர நாட்டின் வரலாற்றைச் சொல்வதென்றால் அவன் நிற்கும் மண்ணிலிருந்து தொடங்க வேண்டும். நமக்கு அது கடினமில்லை. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஏழாண்டுகள் உலகெங்கும் மோதிக்கொண்ட போரில் 1761இல் புதுச்சேரி வீழ்ந்தது. நகரம் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. 1763இல் பாரிஸில் கையொப்பமான உடன்படிக்கை புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரரிடம் திருப்பித் தந்தது. கனடாவை ஆங்கிலேயருக்கு உரியதாக்கியது. அந்தப் போரினால் ஏறிய கடனுக்காகவே ஆங்கில அரசு தன் அமெரிக்கக் குடியேற்றங்களின்மீது 1765இல் முத்திரைத்தாள் வரி விதித்தது. 1773இல் பாஸ்டன் துறைமுகத்தில் மக்கள் கடலில் கொட்டிய தேயிலை, சென்னைக் கோட்டையை ஆண்ட அதே கிழக்கிந்தியக் கம்பெனியின் சரக்கு.

1776இல் அமெரிக்கர்கள் விடுதலையை அறிவித்தனர். 1778இல் பிரான்ஸ் அவர்களோடு ஒப்பந்தம் செய்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஆங்கிலப் படை புதுச்சேரியை முற்றுகையிட்டுக் கைப்பற்றியது. அமெரிக்காவின் விடுதலைப் போருக்கு நம் ஊர் கொடுத்த விலை அது. 1783 ஜூனில் கடலூரில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் தரையிலும் கடலிலும் மோதினர். அவ்விரு நாடுகளும் ஐரோப்பாவில் சமாதானத்திற்குக் கையொப்பமிட்டு ஐந்து மாதங்கள் கடந்திருந்தன. செய்தியைச் சுமந்த கப்பல் இங்கு வந்து சேரவில்லை. “அப்படியானால் அவர்கள் சும்மாவே செத்தார்களா, ஹஜ்ரத்?” என்று ஒரு பிள்ளை கேட்டது. போர் என்றால் என்னவென்று அதைவிடச் சுருக்கமாக நான் சொல்லியிருக்க முடியாது.

பிள்ளைகள் மகிழ்ந்து துள்ளிய இடங்களும் உண்டு. ஆங்கிலேயரை எதிர்த்து நின்ற ஹைதர் அலியின் புகழ் கடல் கடந்து, பென்சில்வேனியாவின் போர்க்கப்பல் ஒன்றுக்கு அவருடைய பெயரே இடப்பட்டது. 1782 ஏப்ரலில் அக்கப்பல் தன்னைவிட வலிமையான ஆங்கிலக் கப்பல் ஒன்றை வென்றது. மொராக்கோவின் சுல்தான் மூன்றாம் முஹம்மது, 1777 டிசம்பரிலேயே அமெரிக்கக் கப்பல்களுக்குத் தம் துறைமுகங்களைத் திறந்துவிட்டார். இவற்றைச் சொன்னபோது வகுப்பில் எழுந்த பெருமிதம் எனக்கும் இனிமையாகத்தான் இருந்தது.

ஆனால் வரலாறு நமக்கு இனிப்பதை மட்டும் தருவதில்லை.

மனிதர் யாவரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று அறிவித்த சாசனத்தை எழுதிய தாமஸ் ஜெபர்சன், தம் வாழ்நாளில் அறுநூறுக்கும் மேற்பட்ட அடிமைகளை உடைமையாக வைத்திருந்தார். 1619இல் வர்ஜீனியாவில் இருபதுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்கள் இறக்கப்பட்டதிலிருந்து, அந்நாட்டின் புகையிலையும் நெல்லும் பருத்தியும் பெருமளவு அடிமைகளின் உழைப்பில் விளைந்தன. அவ்வாறு கொண்டுசெல்லப்பட்டவர்களுள் நம் ஈமானிய சகோதரர்களும் இருந்தனர்.

அவர்களுள் ஒருவர் அயூப் இப்னு சுலைமான். இன்றைய செனகலில் உள்ள புண்டு என்னும் நாட்டைச் சேர்ந்தவர். மார்க்க அறிஞர்களின் குடும்பம். 1731இல் காம்பியா ஆற்றங்கரைப் பகுதியில் பகைவர்களிடம் சிக்கி, தலை மழிக்கப்பட்டு, ஆங்கிலக் கப்பலில் விற்கப்பட்டு, மேரிலாந்தின் புகையிலைத் தோட்டத்தில் விடப்பட்டார். தொழுவதற்காகக் காட்டிற்குள் ஒதுங்குவார். அங்கும் ஒரு சிறுவன் வந்து பரிகசித்து முகத்தில் மண்ணை எறிவான். தப்பியோடிப் பிடிபட்டுச் சிறையிருந்தார். தந்தைக்கு அரபியில் அவர் எழுதிய ஒரு கடிதம் எங்கெங்கோ சுற்றி இலண்டனை அடைந்து, அதன் வாயிலாக விடுதலை கிடைத்தது. இலண்டனில் முழுக் குர்ஆனையும் நினைவிலிருந்தே மூன்று முறை எழுதினார். 1734இல் ஆப்பிரிக்கா திரும்பினார்.

பிள்ளைகள் மூச்சுவிடாமல் கேட்டார்கள். ஹிஃப்ளு செய்யும் மாணவன் ஒருவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். இங்கே கதையை நிறுத்தியிருந்தால் அது அழகான பயானாக முடிந்திருக்கும். ஆனால் அயூப் எதற்காக அந்த ஆற்றங்கரைக்குச் சென்றார் என்பதும் வரலாற்றில் இருக்கிறது. அவருடைய தந்தை, இரண்டு அடிமைகளை விற்றுவிட்டுக் காகிதம் வாங்கி வருமாறு அவரை அனுப்பியிருந்தார். ஆங்கிலக் கப்பல் தலைவனுடன் விலை படியாததால், ஆற்றைக் கடந்து சென்று அவ்விருவரையும் மாடுகளுக்கு மாற்றினார். திரும்பும் வழியில்தான் அவர் பிடிபட்டு, அதே கப்பல் தலைவனிடம் விற்கப்பட்டார்.

இதையும் சொல்லப்போகிறேன் என்பதை அறிந்த ஒரு மாணவனின் தந்தை, மஃரிபுக்குப் பின் என்னைத் தனியே அழைத்தார். “ஹஜ்ரத், தப்பா நினைக்காதீங்க. நம்மைப் பற்றிக் குறை சொல்ல ஊரில் ஆளா இல்லை? அதைப் பிள்ளைகளுக்கு நாமே சொல்லித் தர வேண்டுமா?” என்றார். அவர் சொன்னது வெறும் வாதமன்று. தம் மகன் பள்ளிக்கூடத்தில் தலைகுனிய நேருமோ என்ற அச்சம் அவர் குரலில் இருந்தது. இன்றைய சூழலில் அந்த அச்சத்தை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன்.

அவரிடம் சொன்னதை இங்கும் எழுதுகிறேன். ஒரு கூட்டத்தின்மீதுள்ள பகை நம்மை நீதியிலிருந்து பிறழச் செய்துவிடக் கூடாது என்று அல்மாயிதா அத்தியாயம் எச்சரிக்கிறது. நமக்கும் பெற்றோருக்கும் உறவினருக்கும் எதிராக இருந்தாலும் உண்மைக்குச் சாட்சி சொல்லுமாறு அந்நிஸா அத்தியாயம் கட்டளையிடுகிறது. முதலாவதை ஜெபர்சன் பாடத்திலும் இரண்டாவதை அயூப் பாடத்திலும் பிள்ளைகள் பயில வேண்டும். அடுத்தவரின் குற்றத்திற்கு மட்டும் வரலாறு படிப்பவனுக்கு அதன் பயன் கிட்டாது. மேலும், இதை நாம் சொல்லாவிட்டால் நாளை வேறொருவர் ஏளனத்தோடு சொல்வார். அன்று பிள்ளையின் மனம் உடைவது அயூபைப் பற்றியதாக மட்டும் இராது. மறைத்த நம்மைப் பற்றியதாகவும் இருக்கும்.

அவர் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, “நானும் வந்து உட்காரலாமா?” என்று கேட்டார். அந்த ஞாயிறு, பின்வரிசையில் அமர்ந்து கேட்டார்.

வகுப்பில் நான் எதையும் பூசி மெழுகவில்லை. அடிமையை விடுவிப்பதைச் செங்குத்தான மலைப்பாதையில் ஏறுவதற்கு ஒப்பான நற்செயலாக அல்பலத் அத்தியாயம் காட்டுவதையும், பிலால் (ரலி) அவர்களை அபூபக்ர் (ரலி) அவர்கள் விலைகொடுத்து மீட்டதையும் பிள்ளைகள் அறிவார்கள். அத்தகைய மார்க்கத்தைப் பெற்றிருந்தும் முஸ்லிம்கள் பலர் நூற்றாண்டுகளாக மனிதரை விற்றதையும் வாங்கியதையும் சொன்னேன். நம் புதுச்சேரியிலும், 1743 வாக்கில் ஆட்களை ஏமாற்றிப் பிடித்து அடைத்து வைத்து அடிமைகளாகக் கப்பலேற்றியதை ஆனந்தரங்கப்பிள்ளையின் நாட்குறிப்பு பதிவு செய்திருப்பதையும், அதில் உள்ளூர் ஆட்களும் உடந்தையாய் இருந்ததையும் கூறினேன்.

எந்தப் பிள்ளையும் தலைகுனியவில்லை. கடைசி வரிசையில் இருந்த ஒரு சிறுமி மட்டும் கையை உயர்த்தி, “அந்த இரண்டு பேர் என்ன ஆனார்கள், ஹஜ்ரத்?” என்று கேட்டாள்.

மாடுகளுக்கு மாற்றப்பட்ட அந்த இருவர்! அயூபின் கதையை எழுதிய ஆங்கிலேயர் அவர்களுடைய பெயரைக்கூடக் குறிக்கவில்லை. யாரும் எழுதி வைக்காதவர்களையும் அல்லாஹ் அறிவான் என்று மட்டுமே நான் சொன்னேன். அயூபின் துயரைக் கேட்டு உருகிய ஒரு குழந்தை, அயூபால் துயருற்றவர்களையும் நினைத்துக் கேட்டதே, அதுதான் அந்த ஒன்பது வாரங்களின் விளைச்சல்.

அடுத்த வாரம் உமர் இப்னு சயீத் அவர்களின் வரலாற்றைச் சொன்னேன். 1807இல் பிடிக்கப்பட்டு, தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் விற்கப்பட்டவர். 1831இல் தம் வாழ்க்கை வரலாற்றை அரபியில் எழுதினார். அக்கையெழுத்துப் பிரதி இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் உள்ளது. அதன் தொடக்கத்தில் அவர் எழுதியது சூரா அல்முல்க். ஆட்சியும் உடைமையும் எவன் கையில் என்பதைச் சொல்லித் தொடங்கும் அத்தியாயத்தை, தன்னையே பிறருடைய உடைமையாக்கிவிட்ட ஊரில் அமர்ந்து ஒருவர் எழுதியிருக்கிறார். எங்கள் பிள்ளைகள் இரவுதோறும் ஓதும் சூரா அது. மறுநாள் அதை ஓதியபோது அவர்கள் குரலில் அவசரம் குறைந்திருந்தது.

இத்தகையோரின் பேரப்பிள்ளைகளுக்கு அந்த ஓதல் பெரும்பாலும் சென்று சேரவில்லை. குடும்பங்கள் பிரித்து விற்கப்பட்டன. கற்றுத்தர நேரமும் இடமும் இல்லை. நமக்கோ இடமும் நேரமும் இருக்கின்றன. கற்றுத் தருவதில் நேர்மையும் இருக்க வேண்டும் என்பதே பெற்றோரிடம் என் வேண்டுகோள். வீட்டில் உலகச் செய்தி பேசும்போது ஒரு நாட்டையோ ஒரு சமூகத்தையோ முழுமையாகத் தூற்றாதீர்கள். முழுமையாகப் போற்றவும் வேண்டாம். பிள்ளை கேள்வி கேட்டால், தெரிந்ததை முழுதாகச் சொல்லுங்கள். ‘நம்மவர்’ செய்த தவறு வரும்போது பேச்சை மாற்றாதீர்கள். நாம் பேச்சை மாற்றும் இடத்தைப் பிள்ளைகள் நன்றாகவே கவனிக்கிறார்கள்.

எவருக்காகவும் எவருக்கு எதிராகவும் வளையாத நாவை நம் மக்களுக்கு வல்ல ரஹ்மான் வழங்குவானாக. ஆமீன்.