கடல் கடந்த கல்வி

நுழையும்முன்

அயல்நாடு சென்று கற்போர் பலர். கற்ற கல்வியை எதற்குப் பயன்படுத்துவது என்னும் வினாவுக்கு விடை கண்டோர் சிலரே. புகைப்படக் கலை பயிலக் கடல் கடந்த தமிழ் இதழாளர் ஒருவர் அவ்வினாவுக்குக் கண்ட விடையை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

சென்னையில் அடையாற்றின் வடகரையில் அமைந்துள்ளது ராஜா அண்ணாமலைபுரம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவிய ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் பெயரைத் தாங்கிய பகுதி அது. செட்டிநாட்டார் கடல் கடந்து ஈட்டிய பொருளின் சிறப்பை அங்குள்ள மாளிகை இன்றும் உணர்த்துகிறது. அதே செட்டிநாட்டில், கோட்டையூரில், 1911ஆம் ஆண்டு பிறந்த மற்றொருவரும் கடல் கடந்தார். அவர் ஈட்டி வந்தது பொருளன்று, பார்வை. அவர்தாம் ஏ.கே. செட்டியார் என அழைக்கப்பெறும் அ. கருப்பன் செட்டியார்.

கற்கச் சென்ற இதழாளர்

இளமையிலேயே எழுத்தில் நாட்டம் கொண்ட செட்டியார், பர்மாவின் இரங்கூன் நகரில் வெளிவந்த ‘தனவணிகன்’ இதழுக்கு ஆசிரியரானார். கொடுக்கல் வாங்கல் தொழிலுக்காகப் பலர் சென்ற நாட்டில் அவர் இதழ்த் தொழில் கற்றார். எழுத்தோடு படமும் சேரும்போது செய்தி வலிமை பெறும் காலம் அது. எனவே, புகைப்படக் கலையை முறையாகப் பயில விரும்பி ஜப்பான் சென்றார். டோக்கியோவில் பயின்றபின், மேற்பயிற்சிக்காக அமெரிக்காவின் நியூயார்க் நகருக்குச் சென்றார்.

வகுப்பறைக்கு வெளியிலும் அவர் மாணவராகவே இருந்தார். சென்ற நாடுகளில் மக்கள் வாழும் முறையை உற்று நோக்கினார். கண்டவற்றைத் தமிழில் எழுதினார். கப்பல் ஏறாத வாசகரும் அயல்நாட்டுத் தெருக்களை அவர் எழுத்தின் வழியே கண்டனர்.

கப்பலில் பிறந்த எண்ணம்

1937 அக்டோபர் 2. நியூயார்க்கிலிருந்து டப்ளின் நகருக்குச் செல்லும் கப்பலில் செட்டியார் பயணம் செய்துகொண்டிருந்தார். அன்று காந்தியடிகளின் பிறந்தநாள். காந்தியடிகளின் வாழ்வை ஓர் ஆவணப்படமாக எடுக்க வேண்டும் என்னும் எண்ணம் அவருள் அன்று எழுந்தது. அப்போது அவருக்கு இருபத்தாறு வயதும் நிரம்பவில்லை.

எண்ணுவது எளிது, நிறைவேற்றுவது அரிது. காந்தியடிகளைப் படமெடுத்தோர் பலர். ஆனால், அப்படச் சுருள்கள் ஓரிடத்தில் இல்லை. திரையரங்குகளில் முதன்மைப் படத்திற்கு முன்னர்ச் செய்திப்படங்கள் காட்டப்பட்ட காலம் அது. காட்டி முடித்தபின் அவை பல நாடுகளின் நிறுவனங்களில் தூசு படிந்து கிடந்தன. அவற்றைத் தேடிச் செட்டியார் ஏறத்தாழ ஓர் இலட்சம் மைல் பயணம் செய்தார். காந்தியடிகள் பொதுவாழ்வைத் தொடங்கிய தென்னாப்பிரிக்காவுக்கும் சென்றார். அவரது வரலாற்றை எழுதிய பிரெஞ்சு எழுத்தாளர் ரொமெய்ன் ரோலந்தையும் சந்தித்தார்.

தேடலும் தேர்வும்

முப்பது ஆண்டுகளில் நூற்றுக்கு மேற்பட்ட ஒளிப்பதிவாளர்கள் எடுத்த ஏறத்தாழ 50,000 அடி நீளப் படச்சுருள் திரண்டது. அதிலிருந்து 12,000 அடி நீளமுள்ள படம் உருவாயிற்று. நான்கில் ஒரு பங்குக்கும் குறைவானதே திரைக்கு வந்தது. அரும்பாடுபட்டுத் தேடிய ஒன்றைத் ‘தேவையில்லை’ என ஒதுக்குவதற்கு உறுதி வேண்டும். எதைச் சேர்ப்பது, எதை விடுப்பது என்று தெளிவதே இதழியலின் உயிர்நாடி. படக்கருவியை இயக்கும் திறனைக் கல்விக்கூடம் தரும். இத்தெளிவைப் பட்டறிவே தரும்.

1940ஆம் ஆண்டு அப்படம் சென்னையில் தமிழில் வெளியாயிற்று. உலகின் பல மூலைகளில் திரட்டிய காட்சிகள் முதலில் தமிழ் பேசின என்பது நாம் நினைந்து மகிழத்தக்கது. பின்னர் இந்தியிலும், 1953ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஆங்கிலத்திலும் அது வெளிவந்தது.

தன்னை மறைத்த எழுத்து

செட்டியார் 1943ஆம் ஆண்டு ‘குமரி மலர்’ என்னும் இதழைத் தொடங்கினார். மறக்கப்பட்ட பழைய கட்டுரைகளையும் ஆவணங்களையும் தேடி எடுத்து அதில் பதிப்பித்தார். படச்சுருள்களைத் தேடிய அதே கண்கள் இப்போது பழந்தாள்களைத் தேடின. ‘உலகம் சுற்றும் தமிழன்’ முதலிய பயண நூல்களையும் எழுதினார். அவற்றில் அவர் தம்மைப் பற்றிப் பேசியது மிகக் குறைவு. பயணி பின்னால் நிற்க, கண்ட நாடும் மக்களுமே முன்னால் நிற்கின்றனர்.

அவர் அரிதின் முயன்று உருவாக்கிய படத்தின் தமிழ் வடிவம் இன்று நமக்கு முழுமையாகக் கிடைக்கவில்லை. ஆங்கில வடிவமே பிற்காலத்தில் அமெரிக்காவில் கண்டெடுக்கப்பட்டது. சிதறிக் கிடந்தவற்றைத் தேடிச் சேர்த்தவரின் படைப்பையே நாம் தேட நேர்ந்தது வருந்தத்தக்கது. ஆயினும், அத்தேடலைக் குறித்து அவர் எழுதிய கட்டுரைகள் ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ என்னும் நூலாக நமக்குக் கிடைத்துள்ளன. படம் மறைந்தபோதும் எழுத்து அதன் வரலாற்றைக் காத்து நிற்கிறது.

கைப்பேசியிலேயே படமெடுக்கும் காலம் இது. இன்று அயல்நாடு செல்லும் மாணவர் ஒரே நாளில் நூறு படங்களை ஊருக்கு அனுப்பலாம். அவற்றுள் எத்தனை படங்களில் அவர் மட்டும் நிற்கிறார், எத்தனை படங்களில் அந்த நாடு நிற்கிறது என்று எண்ணிப் பார்த்தல் நன்று. பயணம் கல்வியாவது அந்த இரண்டாம் எண்ணிக்கை கூடும்போதுதான்.

கற்பவை கற்றபின்

1. நீங்கள் வாழும் பகுதியின் பெயர்க் காரணத்தை முதியோரிடம் கேட்டறிந்து, உங்களைப் பற்றிய குறிப்பு இடம்பெறாத ஒருபக்கக் கட்டுரை எழுதுக.
2. உங்கள் பள்ளி விழா ஒன்றின் இருபது படங்களுள் ஐந்தினைத் தேர்ந்து, ஏனையவற்றை விடுத்தமைக்கான காரணத்தை வகுப்பில் கலந்துரையாடுக.