கடைசி ரயிலுக்கு முன்

மும்பையின் தமிழ்ப் பேட்டைகளில் ஆண்களை நேசிக்கும் ஆண்களுக்கு இரவு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது?

சனிக்கிழமை மாலை ஏழு மணி. தாராவியின் தொண்ணூறு அடி சாலையில் கால் வைக்க இடமில்லை. எண்ணெய்ச் சட்டியில் முறுக்கு பொரிகிறது. காய்கறிக்காரரிடம் நெல்லைத் தமிழில் பேரம் நடக்கிறது. பக்கத்துச் சந்துக்குள் திரும்பினால் எதிரே வருபவருக்கு ஒருக்களித்துத்தான் வழிவிட வேண்டும். சந்தின் கோடியில் பத்துக்குப் பத்து அளவில் ஒரு 'கோலி'. அறையை இங்குள்ள தமிழர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். அதற்குள் ஐம்பதை நெருங்கும் ஒருவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறார்.

கூரியர் கம்பெனியில் வேலை. தாத்தா தோல் பதனிடும் தொழிலுக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர். இஸ்திரி போட்ட சட்டையை அவர் உடுத்திக்கொள்ளவில்லை. மடித்துப் பையில் வைக்கிறார்.

"ஏய்யா, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போயேன்" என்கிறார் அம்மா.

"கூட்டாளிகளோட சாப்பிட்டுக்கிடுதேம்மா."

வாசலில் நிற்கும் என்னை அம்மா ஏற இறங்கப் பார்க்கிறார். ஒன்றும் கேட்கவில்லை. இருபத்தைந்து வருஷமாகச் சனிக்கிழமைகளில் அவர் ஒன்றும் கேட்டதில்லை என்று சந்து தாண்டியதும் மகன் சொல்கிறார். மகனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆண்களிடம்தான் நாட்டம். அம்மாவுக்குத் தெரியுமா? "தெரியாதுன்னு நான் நெனைக்கேன். எனக்குத் தெரியாதுன்னு அவ நெனைக்கா" என்று சிரிக்கிறார்.

அன்றிரவு அவரோடு ஊர் சுற்றுவதாக ஏற்பாடு.

பட்டாயா, பாங்காக் என்றால் சுற்றுலாக் கம்பெனிக்காரர்களே இரவு வாழ்க்கையைக் கூவி விற்பார்கள். மும்பையின் இந்த இரவுக்கு அப்படி ஏஜெண்ட் கிடையாது. ஆனால் விதிகள் உண்டு. முதல் விதி, சொந்தப் பேட்டையில் எதுவும் வேண்டாம். "இங்க ஒருத்தன் தும்முனா நாலு வீடு தள்ளி 'நூறு'ங்கும். அப்புறம் எப்படி?" என்கிறார் நண்பர்.

ஓடும் டிஸ்கோ

மாஹிம் ஸ்டேஷனில் சர்ச்கேட் வண்டி. சனிக்கிழமை இரவு என்பதால் உட்காரவே இடம் கிடைக்கிறது. "எங்க காலத்து டிஸ்கோ இதுதான் அண்ணாச்சி" என்று பெட்டியைத் தட்டிக் காட்டுகிறார்.

தொண்ணூறுகளில் மும்பை லோக்கல் ரயில்களில் குறிப்பிட்ட ஒரு இரண்டாம் வகுப்புப் பெட்டி 'நம்மவர்களுடையது' என்று வாய்மொழியாகவே பரவியிருந்தது. எது என்று எங்கும் எழுதியிருக்காது. தெரிந்தவர்கள் ஏறுவார்கள். ஆளோடு ஆள் ஒட்டி நிற்கும் நெரிசலில் யார் யாரைப் பார்க்கிறார்கள் என்று மற்றவர்களுக்குத் தெரியப்போவதில்லை. இந்த உலகம் இலக்கியத்துக்கும் வந்தது. ஆர். ராஜ ராவ் 2003இல் வெளியிட்ட 'தி பாய்ஃப்ரெண்ட்' என்ற ஆங்கில நாவல் சர்ச்கேட் ஸ்டேஷனில்தான் தொடங்குகிறது. அதற்கு முன்பே, 1996இல், அவருடைய கவிதைகளை வைத்து ரியாத் வாடியா 'பாம்கே' என்ற குறும்படத்தை எடுத்திருந்தார்.

ஒரு பார்வை, ஒரு தலையசைப்பு, அடுத்த ஸ்டேஷனில் இறங்குவது. அதற்கப்புறம்? அங்கேதான் சிக்கல். "ரெண்டு பேருக்கும் கோலிதான். அவன் வீட்ல ஆறு பேரு, எங்க வீட்ல எட்டு பேரு. எங்க போறது?" லாட்ஜுக்குப் பணமில்லை. மிச்சமிருந்தவை கடற்கரையும் பூங்காவும் பாலத்தடி இருட்டும்தான். அந்த இடங்களில் காதலர்களைவிட முன்னதாகப் போலீஸ் வந்து காத்திருக்கும்.

நண்பர் மாட்டியது 1998இல். பேச்சுத் துணையாக இன்னொருவரோடு கடற்கரைச் சுவரில் உட்கார்ந்திருந்தாராம். காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் வந்து சட்டம் பேசினார். வாட்ச் போயிற்று, அன்றைக்கு வாங்கிய சம்பளக் கவரும் போயிற்று. "அடிக்கல. 'வீட்டுக்குச் சொல்லட்டுமா?'ன்னு மட்டும் கேட்டாரு. அது போதாதா? 377ன்னு ஒரு நம்பர் இருக்கதே அன்னைக்குத்தான் எனக்குத் தெரியும்."

1860இல் வெள்ளைக்காரர்கள் எழுதி வைத்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 377வது பிரிவு அது. அதன்படி கோர்ட்டில் தண்டனை பெற்றவர்கள் குறைவு. கோர்ட் படியேறாமல் தெருவிலேயே பணமாகத் தண்டனை கட்டியவர்களுக்குக் கணக்கில்லை.

ஆர்தர் பந்தர் ரோட்டில் ஒரு சுவர்

சர்ச்கேட்டில் இறங்கியதும் நண்பர் பையிலிருந்த சட்டைக்கு மாறுகிறார். கரும்பச்சை நிறம், கொஞ்சம் மினுமினுப்பு. ஆள் பத்து வயது குறைந்துவிடுகிறார்.

கொலாபாவின் ஆர்தர் பந்தர் ரோடு. இங்கேதான் 'வூடூ' இருந்தது. எழுபதுகளில் அதே இடத்துக்கு 'ஸ்லிப் டிஸ்க்' என்று பெயர். 1972இல் 'லெட் செப்பலின்' குழுவின் ஜிம்மி பேஜும் ராபர்ட் பிளான்ட்டும் அங்கே ஏறி வாசித்துவிட்டுப் போனது பம்பாய் ராக் ரசிகர்கள் இன்றும் சொல்லும் கதை. தொண்ணூறுகளில் அது வூடூ ஆனபோது சனிக்கிழமை இரவுகள் இந்த ஆண்களுடையவை ஆயின. வூடூ மூடி வருஷங்களாகிவிட்டன. நண்பர் மட்டும் தெருவில் நின்று கையால் அளந்து காட்டுகிறார்: இங்கே கதவு, அங்கே பார், அந்த மூலையில் ஆட்டம்.

மூன்று மாதம் சேர்த்த பணத்தில் முதன்முறை உள்ளே போனார். "ஆம்பளையும் ஆம்பளையும் கை கோத்து ஆடுதாங்க. நான் ஆடல. சுவத்துல சாஞ்சு பார்த்துக்கிட்டே நின்னேன். கண்ணு நெறைஞ்சுட்டு."

பிறகு ஒருவர் வந்து பேசினார். ஆங்கிலம். பெயரைக் கேட்டார், சொன்னார். எங்கே வீடு என்று கேட்டார்.

"மாஹிம்னு சொன்னேன். அன்னையிலேருந்து அங்க நான் மாஹிம்தான். நான் யாருன்னு உள்ள மறைக்க வேண்டியதில்ல. எங்கேருந்து வாரேன்னுதான் மறைக்கணும்."

மும்பையின் இரவைப் பற்றி நான் கேட்டவற்றில் மனதை அறுத்தது இதுதான். ஒரு முகமூடியைக் கழற்ற வந்த இடத்தில் இன்னொன்றை மாட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. இன்றைக்கும் அது பெரிதாக மாறவில்லை. கேட்பாரற்ற பெட்டியில் நடந்த சந்திப்பு செல்போன் திரைக்கு மாறியிருக்கிறது. 'லலித்' ஹோட்டல்களின் கேசவ் சூரி தன் 'கிட்டி சூ' கிளப்புகளில் பெண் வேடக் கலைஞர்களை மேடையேற்றினார். 377ஐ எதிர்த்து வழக்குப் போட்டவர்களில் அவரும் ஒருவர். ஆனால் நட்சத்திர ஹோட்டலில் ஒரு பீர் குடிக்கிற காசு தாராவியில் ஒரு வாரத்து மளிகை. செல்போனிலும் ஆபத்து உண்டு. ஆசையாகப் பேசித் தனி இடத்துக்கு வரவழைத்து, படம் எடுத்துப் பணம் பறிக்கிற கும்பல்கள் அடிக்கடி செய்திகளில் அடிபடுகின்றன. காக்கிச் சட்டை போனாலும் 'வீட்டுக்குச் சொல்லட்டுமா' போகவில்லை.

ஒரு வார்த்தை வேண்டும்

அப்போலோ பந்தர் கடற்சுவரில் சாய்ந்து நின்று பேசுகிறோம். நண்பருக்குக் கொலாபாவைவிடப் பெரிதாக உதவியது வகோலாவில் ஒரு மாநகராட்சிக் கட்டடம். அசோக் ராவ் கவி 1990இல் 'பாம்பே தோஸ்த்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். 1994இல் அவரும் நண்பர்களும் சேர்ந்து 'ஹம்சஃபர் டிரஸ்ட்' அமைத்தார்கள். எய்ட்ஸ் பரவிய காலம். யாரும் தொடத் தயங்கிய ஆண்களிடம் போய்ப் பேச ஆள் தேவைப்பட்டது. அதற்கு மாநகராட்சி தன் கட்டடத்திலேயே இடம் கொடுத்தது. "காசு கேக்கல. இங்கிலீஷ் கேக்கல. டீ கொடுத்தாங்க" என்கிறார் நண்பர். பரிசோதனை என்ன, பாதுகாப்பு என்ன என்று அவர் தெரிந்துகொண்டது அங்கேதான்.

ஆனால் அங்கேயும் பேச்சு இந்தியிலும் மராத்தியிலும். தமிழில் இதற்குக் கெட்ட வார்த்தை மட்டும்தான் உண்டு என்று வெகுகாலம் நினைத்திருக்கிறார். சென்னை உயர் நீதிமன்றத்தில் 2021இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் விசாரித்த ஒரு வழக்கின் தொடர்ச்சியாக, இவர்களைக் கண்ணியமாகக் குறிப்பிடும் சொற்களின் பட்டியலைத் தமிழக அரசு 2022இல் அரசிதழில் வெளியிட்டது. 'தன்பால் ஈர்ப்பு' போன்ற சொற்களைச் செல்போனில் படித்தபோது ஐம்பதை நெருங்கும் மனிதர் வாய்விட்டு இரண்டு முறை சொல்லிப் பார்த்தாராம்.

தீர்ப்புகளையும் அவர் அப்படித்தான் நினைவு வைத்திருக்கிறார். 2009இல் டெல்லி உயர் நீதிமன்றம் இது குற்றமில்லை என்றது. 2013இல் உச்ச நீதிமன்றம் மறுபடி குற்றமாக்கியது. 2018 செப்டம்பர் 6 அன்று அதே உச்ச நீதிமன்றம், வயது வந்தோர் மனமொத்து வாழ்வது குற்றமல்ல என்று தீர்த்தது. அன்று பார்சல் கொடுக்கப் போன வீட்டு டி.வி.யில் செய்தி ஓடியது. யாரிடம் சொல்வது? மாஹிமில் இறங்கி அரைக் கிலோ அல்வா வாங்கிப் போய் அம்மாவிடம் கொடுத்தார்.

"என்னய்யா விசேஷம்?"

"ஒரு கேஸு ஜெயிச்சிருக்கும்மா."

"நம்ம கேஸா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அம்மா அல்வாவைப் பிட்டாராம்.

கல்யாணப் பக்கத்தில்

அன்று பகலில் மாட்டுங்காவுக்கும் செம்பூருக்கும் போயிருந்தேன். மாட்டுங்காவில் பூக்கட்டும் கைகள், வறுத்த காப்பிக் கொட்டை வாசனை, ஆஸ்திக சமாஜக் கோயில் வாசலில் பட்டுப்புடவைகள். ஜாதகப் பரிமாற்றம் இங்கே பெரிய தொழில். மும்பை ஐயர் வீட்டு அம்மா பத்மா ஐயர் 2015 மே மாதம் 'மிட் டே' பத்திரிகையில் கொடுத்த விளம்பரத்தை இந்தத் தெருக்களில் இன்னும் மறக்கவில்லை. 36 வயது மகன் ஹரீஷுக்கு வரன் தேவை. 25லிருந்து 40க்குள், நல்ல வேலை, சைவம், பிராணிகளிடம் பிரியம். தேடியது மருமகளை அல்ல, மாப்பிள்ளையை. வேறு சில பத்திரிகைகள் சட்டத்தைக் காட்டி வாங்க மறுத்த விளம்பரம் அது. ஜாதி தடையில்லை, ஆனால் ஐயரானால் நல்லது என்று ஒரு வால். அந்த வாலுக்குக் கண்டனம் வந்தது, வர வேண்டியதுதான். ஆனாலும் ஒரு தாய் இந்த விஷயத்தை இருட்டிலிருந்து எடுத்து, காப்பி குடித்துக்கொண்டே படிக்கிற பக்கத்தில் வைத்துவிட்டார்.

மாட்டுங்கா ஹோட்டலில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த சாஃப்ட்வேர் இளைஞர் சமீபத்தில் தாய்லாந்து போய் வந்தவர். பாங்காக்கில் இரண்டு நாள், வடக்கே சியாங் மாயில் ஐந்து நாள். கிளப்புகளைப் பற்றிக் கேட்டேன். "அதெல்லாம் இங்கேயே இருக்கு சார். காலையில மார்க்கெட்ல ரெண்டு வயசானவங்க, ரெண்டு பேரும் ஆம்பளைங்க, கத்திரிக்காய் பொறுக்கிட்டு சண்டை போட்டுட்டிருந்தாங்க. அதைப் பார்க்கத்தான் டிக்கெட் காசு" என்றார். தாய்லாந்தில் 2025 ஜனவரி 23 முதல் ஒரே பாலினத்தவரின் திருமணம் சட்டப்படி செல்லும். இந்தியாவில் 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்த உரிமையைத் தர மறுத்து, நாடாளுமன்றம் பார்த்துக்கொள்ளட்டும் என்றது. அதே வருஷம் 400க்கும் மேற்பட்ட பெற்றோர் தங்கள் பிள்ளைகளுக்காகத் தலைமை நீதிபதிக்குக் கடிதம் எழுதியிருந்தார்கள்.

செம்பூரில் சந்தித்தவர் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி. பாலக்காட்டுக் குடும்பம், வயது எழுபதுக்கு மேல். வீட்டுக்கு அழைக்கவில்லை, பூங்கா பெஞ்சில் பேசினோம். 26 வயதில் அப்பா பார்த்த பெண்ணைக் கட்டிக்கொண்டார். சனிக்கிழமைகளில் 'ஆபீஸ் ஆடிட்.' மனைவி போய்ச் சேர்ந்து நாலு வருஷம். "என்னைப் பத்தி எழுதாதீங்கோ. அவளைப் பத்தி எழுதுங்கோ. முப்பத்தஞ்சு வருஷம் என்ன குறைன்னே தெரியாம தன்கிட்டதான் குறைன்னு நெனச்சிண்டிருந்தா. எனக்காவது சனிக்கிழமை இருந்தது. அவளுக்கு எந்தக் கிழமை இருந்தது?"

பதில் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. பெஞ்சுக்கு எதிரே குழந்தைகள் சறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

பகலைத் தேடி

மும்பையில் பகலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கத்தான் செய்கிறது. 2008 ஆகஸ்ட் 16 அன்று ஆகஸ்ட் கிராந்தி மைதானத்திலிருந்து கிர்காம் சௌபாத்திக்கு முதல் ஊர்வலம் நடந்தபோது பலர் முகத்தை மூடிக்கொண்டு நடந்தார்கள். ஸ்ரீதர் ரங்கையன் 2010இல் தொடங்கிய 'கஷிஷ்' திரைப்பட விழா பிற்பாடு லிபர்ட்டி தியேட்டருக்கு வந்தது. பட்டப்பகலில், போஸ்டருக்கு அடியில் வரிசையில் நிற்கலாம். நண்பர் ஒருமுறை போனார். அங்கே யாரோ எங்கே வீடு என்று கேட்டதும் பழக்க தோஷத்தில் "மா..." என்று தொடங்கிவிட்டு, "தாராவி" என்று முடித்தாராம்.

நள்ளிரவு தாண்டிவிட்டது. கடைசி வண்டி ஒரு மணி வாக்கில்; விட்டால் நாலு மணிக்கு மேல்தான். இந்த இரவு வாழ்க்கை முழுவதும் அந்த வண்டிக்குக் கட்டுப்பட்டது. சர்ச்கேட்டில் பச்சைச் சட்டை மறுபடி பைக்குள் போகிறது. மாஹிமில் இறங்கி அவர் வீட்டுப் பக்கம் நடக்கிறார். நான் டாக்ஸி பிடிக்கிறேன்.

மறுநாள் காலை போன் செய்கிறார். சிரிப்பில் பேச்சு வரவில்லை.

"அண்ணாச்சி, ரெண்டு மணிக்குப் போறேன், அம்மா முழிச்சிருக்கா. சோறு மூடி வெச்சிருக்கு. எப்பவும் ஒரு தட்டுதான் வெப்பா. நேத்து ரெண்டு தட்டு."

"ஏன்?"

"'கூட வந்த கூட்டாளி எங்க, அவனுக்குப் பசிக்காதா'ங்கா. உங்களைத்தான் சொல்லுதா!"

தப்பான ஆளுக்காகத்தான் வைத்தார். ஆனாலும் அந்தப் பத்துக்குப் பத்து கோலியில் இரண்டாவது தட்டுக்கு இடம் இருந்திருக்கிறது.