ஒற்றையடிப் பாதையும் நான் போட்ட வேலியும்

பாலைவனத்தில் சைக்கிள் ஓட்டினேன் என்று சொன்னால் எங்க ஊர் டீக்கடையில் யாரும் நம்பவில்லை. முழங்கைத் தழும்பைக் காட்டின பிறகுதான் நம்பினாங்க.

போன டிசம்பரில் மகனைப் பார்க்க அமெரிக்காவில் அரிசோனா போயிருந்தேன். அவன் இருக்கிற பீனிக்ஸ் நகரத்துக்குப் பக்கத்தில் மெக்டவல் மலைப் பூங்கா. அதுக்குள்ள பெம்பர்டன் என்று ஒரு சுற்றுப்பாதை. சுமார் 15 மைல், நம்ம கணக்கில் 24 கிலோமீட்டர். "ரொம்பக் கஷ்டமும் இல்ல, ரொம்ப லேசும் இல்லப்பா, நடுத்தரம்" என்றான். சிங்கிள் டிராக் என்கிறாங்க. பார்த்தால் நம்ம ஒற்றையடிப் பாதையேதான். ரெண்டு பக்கமும் முள்.

வரப்பில் புல்லுக்கட்டோடு சைக்கிள் ஓட்டினவனுக்கு இதென்ன பெரிய வித்தை என்று ஏறினேன். முதல் இறக்கத்திலேயே மாட்டிக்கிட்டேன். நம்ம சைக்கிளில் இடது கை பின் பிரேக். அங்கே இடது கைதான் முன் பிரேக். பழக்க தோஷத்தில் இடதை அழுத்திப் பிடிச்சுட்டேன். பாதையோ சோளம் காயப்போட்ட களம் மாதிரி ஒரே பொடிக்கல். ஆள் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம்.

கை ஊன்றின இடத்தில் ஒரு கள்ளி. அதன் துண்டு அப்படியே உள்ளங்கையில் ஒட்டிக்கிச்சு. பிடுங்கப் போனால் அந்தக் கையிலும் ஒட்டும். மகன் பையிலிருந்து தலைவாரும் சீப்பை எடுத்து, இடையில் விட்டு ஒரே நெம்பு. துண்டு பறந்து போச்சு.

மணல் ஓடை வந்தது. "ஹேண்டிலைத் திருப்பாதீங்கப்பா, பின்னாடி சாஞ்சு மிதிச்சுக்கிட்டே இருங்க" என்றான். அதை மட்டும் சரியாகச் செய்தேன்.

எதிரே ஆட்கள் நடந்து வந்தாங்க. சைக்கிள்காரர்தான் நடப்பவருக்கு வழிவிட வேண்டுமாம். குதிரை வந்தால் எல்லாருமே. நான் வண்டியைப் புதர்ப்பக்கம் தள்ளினேன். மகன் தடுத்தான். "ஓரமா காலை மட்டும் ஊனி நில்லுங்க, உள்ள போகாதீங்க" என்று ஒரு மரத்தடியைக் காட்டினான். கட்டைவிரல் உயரத்தில் ஒரு சகுவாரோ கள்ளி. பத்து வருஷமானாலும் ஓரிரு அங்குலம்தான் வளருமாம். முதல் கிளை விட 50, 75 வருஷம்கூட ஆகும். சின்னதில் இப்படி ஒரு மரத்தின் நிழல் வேணும். பனை வச்சவன் நான். எனக்குச் சொல்லிப் புரிய வைக்க வேண்டியதில்லை.

அத்தனை பேர் போகிற பாதை. வேலி இல்லை. கன்றும் பிழைக்குது, வழியும் இருக்குது. அங்கேயே நின்னு என் காட்டை நினைச்சேன்.

மூணு வருஷம் முன்னால் என் மேட்டாங்காட்டில் குறுக்கே போன பாதையைக் கம்பிவேலி போட்டு அடைத்தேன். வழியோடு வந்த ஆடுகள் முருங்கைக் கன்றைக் கடிச்சுப் போட்டதுதான் காரணம். ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அந்த வழிதான். இப்போ அதுங்க லாரி ஓடுற தார் ரோட்டைச் சுத்திப் போகுது. "உங்கப்பன் அடைக்கலையே சாமி" என்று ஒரு பாட்டி கேட்டப்ப, பட்டா என்னோடது என்றேன். பட்டா என்னோடதுதான். பாதை எனக்கு முன்னாலேயே இருந்தது.

ஊர் திரும்பியதும் கம்பியை ரெண்டு இடத்தில் அறுத்து, ஆள் நுழைகிற அளவுக்குக் கடவு வைத்தேன். தானே சாத்திக்கிற மாதிரி படலில் கல் கட்டித் தொங்கவிட்டிருக்கேன். அப்படியும் யாரோ திறந்து போட்டு நாலு கன்று போச்சு. மறுபடி நட்டேன்.

முதலில் யாரும் வரவில்லை. வழியெல்லாம் புல் மூடிக் கிடந்தது. தடம் விழட்டும் என்று தினமும் காலையில் நானே பழைய சைக்கிளை அதில் உருட்டிக்கிட்டுப் போறேன். நேத்து ஈர மண்ணில் சின்னச் செருப்புத் தடம் ரெண்டு இருந்தது. அதன் மேல் டயர் ஏறாமல் ஒதுங்கிப் போனேன்.